வாகனமும் விரதமும்

பெட்ரோலில் ஓடும் காரை விற்றுவிட்டு மின்சாரத்தில் ஓடும் காரை வாங்குவது, அகிம்சை நெறியில் ஒருபடி ஏறுவதாகுமா? வந்தவாசிப் பக்கத்தில் நடைபெற்ற உறவினர் திருமணம் ஒன்றில் இவ்வினா நம்மை நோக்கி எழுந்தது. வினவியவர் உண்மையில் வினவவில்லை, பாராட்டினார். “இனி உங்கள் வண்டி அகிம்சை வண்டி” என்று அவர் கூற, பந்தியில் அமர்ந்திருந்த நால்வர் தலையசைத்தனர். நாம் புன்னகை செய்து வாளாவிருந்தோம். அப்புன்னகை நேர்மையானதன்று என்பது நமக்குத் தெரியும். அதன் கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகின்றோம்.

நம் முன்னோர் உழவர். நாம் தொழிலை நாடிச் சேலத்தில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. சிறியதொரு பொறியியல் பட்டறை. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டுவோருக்கும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி உரிமையாளர்க்கும் உதிரிப் பாகங்கள் செய்து தருவது நம் பிழைப்பு. மண்ணைத் துளைக்கும் வினையில் நமக்கும் பங்குண்டு என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை. ஆயினும் அது பிழைப்பின் பொருட்டு நேர்வது. நாம் சொல்ல வந்தது பிழைப்புக்கு வேண்டாத ஒன்றைப் பற்றி.

ஐம்பது வயதைத் தாண்டிய பின்னர், நமக்கு எவ்வகையிலும் தேவையில்லாத ஒரு காரை வாங்கினோம். டர்போ பொருத்திய 2 லிட்டர் எஞ்சின். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை ஏழெட்டு நொடிகளில் எட்டிவிடும். எஞ்சினின் ஓசையைக் கேட்பதற்காகவே கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டியதுண்டு. இருக்கைகள் தோலால் ஆனவை. இடுப்பில் தோல் வார் கட்டாத நாம், தோலின் மேல் அமர்ந்து ஆலயத்துக்குச் சென்றோம். “செயற்கைத் தோல்தான்” என்று வீட்டில் சொல்லி வைத்தோம். விலைப்பட்டியலில் எழுதியிருந்ததை நாம் படித்திருந்தோம்.

நம் அன்னையாருக்கு அகவை 84. பொழுது சாய்ந்தபின் நீரும் அருந்துவதில்லை. நமக்கு அவ்வளவு உறுதி இல்லையெனினும் இரவுண்ணாமையை இளமை முதல் காத்து வருகின்றோம். நாமக்கல்லில் வேலை முடித்து, ஐம்பதுக்குச் சற்று மிகுதியான கிலோமீட்டரைக் கடந்து, கதிரவன் மறையுமுன் வீடு சேர்ந்து உண்ண வேண்டும். அதற்கு இந்த வண்டி வாய்ப்பாக இருந்தது. விரதத்தைக் காப்பதற்கே வேகம் என்று நமக்கு நாமே நியாயம் கற்பித்துக் கொண்டோம். தீமைக்கு அறத்தின் ஆடையை உடுத்துவதில் மனித மனத்துக்கு இணையான நெசவாளி வேறில்லை.

2021ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை. புதுச்சத்திரம் கடந்து வரும்போது சாலையின் நடுத்திட்டிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய்ந்தது. அப்போது நம் வேகம் 110க்கு மேல். மிதித்தோம், வண்டி நின்றது, ஆனால் குட்டியைக் கடந்து வெகுதூரம் சென்றே நின்றது. ஆடு மேய்த்த அம்மாள் ஓடி வந்தார். அழவில்லை, ஏசவும் இல்லை. நாம் நீட்டிய பணத்தை வாங்கி எண்ணாமல் மடியில் செருகிக்கொண்டு, “இத்தனை வெரசா எங்கீங்க போறீங்க?” என்று மட்டும் கேட்டார். பொழுது சாயுமுன் உண்பதற்கு என்று எவ்வாறு சொல்வது? உயிர்களுக்கு ஊறு நேராதிருக்கவே நாங்கள் இரவில் உண்பதில்லை என்று அவரிடம் விளக்க முடியுமா? ஒன்றும் சொல்லாமல் வண்டியில் ஏறினோம். வீட்டை அடைந்தபோது மேற்கே இன்னும் வெளிச்சம் இருந்தது. உண்டோம்.

மறுநாட் காலை பூசைக்கு மலர் கொய்ய வெளியே வந்த அன்னையார், வண்டியின் முகப்பில் காய்ந்திருந்த கறையைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னோம். “ராத்திரி சாப்பிட்டியாப்பா?” என்றார். பொழுதோடு சாப்பிட்டேன் அம்மா என்றோம். “சாப்பிடாமலே இருந்திருக்கலாமே” என்று கூறிவிட்டுப் பூக்கூடையுடன் உள்ளே சென்றார்.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்குக் கூறும் இலக்கணத்தை நம் சிறார்கூடத் தரும வகுப்பில் மனனம் செய்திருப்பர். உயிர் பிரிவது மட்டும் இம்சையன்று. பிரமாதத்தோடு, அதாவது கவனமின்மையும் கஷாயமும் கலந்த செயலால், உயிரைப் பிரிப்பதே இம்சை என்பது அவர் கருத்து. நம் பொன்னூர் மலையோடு தொடர்புபடுத்தி நாம் போற்றும் குந்தகுந்தரும், கவனமின்றி நடப்பவனுக்கு உயிர் செத்தாலும் சாகாவிட்டாலும் இம்சை உறுதி என்றும், கவனத்தோடு நடப்பவனுக்கு உயிர் பிரிந்த நிலையிலும் அதனாற் பந்தமில்லை என்றும் விளக்கியுள்ளார். இதை நாம் பலமுறை பிறருக்குச் சொல்லியிருக்கின்றோம். ஆனால் இதன்படி பார்த்தால், அந்த ஆட்டுக்குட்டி குறுக்கே வராத நாட்களிலும் நாம் இம்சை செய்துகொண்டேதான் இருந்தோம் என்றாகிறது. அந்த எண்ணம் வந்தது நெடுநாள் கழித்தே.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் முதலாவது ஈர்யா சமிதி. நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, உயிரில்லாத இடம் கண்டு அடி வைத்தல். நான்கு முழத்தில் நின்றுவிட முடிகின்ற நடையே முனிவரின் நடை. இல்லறத்தாருக்கு இது விதிக்கப்படவில்லை. எனினும் அதன் கணக்கு எளிது. கண் காணும் தூரத்துக்குள் நிற்க முடிய வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் ஓடுகின்றது. கண் கண்டு கால் மிதிப்பதற்குள் ஒரு நொடி போய்விடும். மிதித்த பின் நிற்க இன்னும் 40 மீட்டர் வேண்டும். ஆக ஏறத்தாழ 70 மீட்டர். தாழ்த்தி வைத்த முகப்பு விளக்கு இரவில் அத்தனை தூரம் தெளிவாகக் காட்டாது. 60 கி.மீ. வேகத்தில் இந்த 70 மீட்டர் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். பட்டறைக்காரனாகிய நமக்கு இக்கணக்குப் புதிதன்று. நம் கால் அதனை அறிய மறுத்தது என்பதே உண்மை.

அடுத்த ஆண்டு அந்த வண்டியை விற்று, மின்சாரக் கார் வாங்கினோம். உறவினர் பாராட்டியது இதனைத்தான்.

முதலில் பாராட்டுக்குரிய பகுதியைச் சொல்லிவிடுவோம், ஏனெனில் அது பொய்யன்று. பழைய வண்டி நாம் ஓட்டிய ஓட்டத்தில் லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். ஆகவே 100 கி.மீ. ஓட்டத்துக்கு 23 கிலோ. புதிய வண்டி அதே தூரத்துக்கு 15 யூனிட் மின்சாரம் கொள்கிறது. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் அளவில் கரியமில வாயு வெளியாகிறது. கம்பியிலும் மின்னேற்றத்திலும் வீணாவதையும் சேர்த்தால் 100 கி.மீ.க்கு 12 அல்லது 13 கிலோ. ஏறத்தாழப் பாதி. எண்ணெய் எடுப்பதற்கும் சுத்திகரிப்பதற்கும், சங்ககிரிக் கிடங்கிலிருந்து டேங்கர் லாரியில் பங்குக்குக் கொண்டு வருவதற்கும் ஆகும் செலவைக் கூட்டினால் வேறுபாடு இன்னும் மிகும். காற்றாலையும் சூரிய ஒளியும் பெருகப் பெருக மின்சாரத்தின் கணக்கு ஆண்டுதோறும் குறையும். பெட்ரோலின் கணக்கு குறையாது.

ஆனால் இதே கணக்கைச் சற்றே திருப்பிப் பாருங்கள். நம் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் வைத்துள்ள சிறிய பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கி.மீ. ஓடுகிறது. 100 கி.மீ.க்கு வெளிவிடுவது 13 கிலோவுக்கும் குறைவு. அதாவது, பெருந்தொகை கொடுத்து நாம் வாங்கிய ‘அகிம்சை வண்டி’ ஓட்டத்தின்போது உண்டாக்கும் புகையும், அவர் பழைய விலைக்கு வாங்கிய சிறு வண்டி விடும் புகையும் இன்றைய நிலையில் பெரிதும் வேறல்ல. நாம் மிச்சப்படுத்தியதாகக் கூறும் பாதி, முன்பு நாம் வீணடித்த பாதியேயாகும். கொள்ளையிட்ட பொருளில் பாதியைத் திருப்பிக் கொடுத்தவனைக் கொடையாளி என்று போற்றுவதில்லை. இதை வந்தவாசிப் பந்தியில் சொல்லியிருக்க வேண்டும்.

இனி நெருப்பின் கதை. தீயும் உயிருடையது, தேயுகாயிக ஜீவன் என்பது நம் கொள்கை. மின்வண்டியினுள் தீ இல்லை. ஆனால் தீ எங்கும் இல்லாமற் போகவில்லை, இடம் பெயர்ந்துள்ளது. சேலத்திலிருந்து மேற்கே சென்றால் மேட்டூர். 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற அணையின் நீரிலிருந்து பிறக்கும் மின்சாரம் ஒருபுறம். அருகிலேயே நிலக்கரியில் இயங்கும் அனல்மின் நிலையம். 210 மெகாவாட் அளவில் நான்கு அலகுகளும், 2013இல் சேர்ந்த 600 மெகாவாட் அலகும். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகின்றது. நாம் நாமக்கல் சென்று திரும்பும் மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்து வந்ததாகக் கொண்டால், ஒரு பயணத்துக்கு 12 கிலோ நிலக்கரி. அதனை ஒரு மூட்டையில் கட்டி நம் தலையில் ஏற்றி, கையால் அடுப்பிலிட்டு எரிக்கச் சொன்னால் எத்தனை முறை நாமக்கல் செல்வோம் என்று தெரியவில்லை.

மண்ணின் கதையும் உண்டு. சேலத்தார் அனைவரும் அறிந்த காட்சி, ஓமலூர் செல்லும் வழியில் கருப்பூரை ஒட்டித் தெரியும் வெள்ளைக்கல் சுரங்கங்கள். மாக்னசைட் எனப்படும் அக்கல், எஃகு உருக்கும் உலைகளுக்கான செங்கல் செய்ய உதவுவது. தலைமுறைகளாகத் தோண்டியதில் குன்றுகள் குழிகளாகிவிட்டன. காரின் எஃகும் அத்தகைய உலையில் பிறந்ததே. பெட்ரோல் காராயினும் மின்காராயினும் இதில் ஒன்றுதான். மின்காரில் கூடுதலாக உள்ளது மின்கலம். அதற்குரிய லித்தியம் தென் அமெரிக்க உப்புப் பாலைகளிலிருந்தும் ஆஸ்திரேலியப் பாறைகளிலிருந்தும் வருகின்றது. சிலவகை மின்கலங்களுக்குக் கோபால்ட் வேண்டும். உலகக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகின்றது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் சிறுவர்கள் கைகளால் அகழ்ந்ததை ஆம்னெஸ்டி அமைப்பு 2016இல் வெளியிட்ட அறிக்கை உலகுக்கு அறிவித்தது. நம் நாட்டில் விற்கும் பல மின்கார்களில் கோபால்ட் இல்லாத இரும்புப் பாஸ்பேட் வகை மின்கலம் பொருத்தப்படுகிறது. நாமும் அதனைக் கேட்டறிந்தே வாங்கினோம். இவ்வளவேனும் கேட்க நம்மால் முடிந்தது. இருக்கை எதனால் ஆனது என்றும் இம்முறை கேட்டோம், எழுத்தில் பெற்றோம்.

பெட்ரோல் மட்டும் தூயதா என்று சிலர் கேட்கலாம். அதுவும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் எச்சமே. இம்சையற்ற எரிபொருள் என ஒன்றில்லை. இல்லறத்தான் ஆரம்ப இம்சையினின்று முற்றும் நீங்க இயலாது என்பதனாற்றான் அவனுக்கு மகாவிரதம் விதிக்காமல் அணுவிரதம் விதித்தனர் ஆசாரியர். எனவே எது குறைவு என்று பார்ப்பதில் பிழையில்லை. குறைவானதைக் கண்டவுடன் கணக்கை மூடிவிடுவதே பிழை.

வேகத்துக்கு வருவோம். மின்வண்டி சாதுவான வண்டி என்று பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. உலகில் முதன்முதலாக மணிக்கு 100 கி.மீ. வேகத்தைக் கடந்த கார், 1899இல் பெல்ஜிய நாட்டு காமில் ஜெனட்சி ஓட்டிய மின்சாரக் கார். மின்மோட்டாரின் முறுக்கு விசை முழுவதும் சக்கரம் சுழலத் தொடங்கும்போதே கிடைத்துவிடும். எஞ்சின் சூடாகிச் சுழற்சி ஏறும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நாம் கார் பார்க்கச் சென்றபோது விற்பனை செய்த இளைஞர் புகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், “சார், உங்க பழைய வண்டியைவிட இது சீறும்” என்றுதான் தொடங்கினார். நம் முகத்தில் எதைப் படித்தாரோ! அவர் சொன்னது மெய்யாயிற்று. முதல் வாரத்திலேயே, சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கால் பழைய பழக்கத்தில் அழுந்தியது. ஓசையில்லை, புகையில்லை, ஆகவே குற்ற உணர்வும் இல்லை. ஓசையாவது பழைய வண்டியில் நாய்க்கும் ஆட்டுக்கும் முன்னறிவிப்பாக இருந்தது. மின்வண்டிகள் மெதுவாகச் செல்லும்போது செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டுமென ஐரோப்பிய நாடுகள் 2019 முதல் விதி செய்தது வீணன்று. மின்கலத்தின் எடையும் சில நூறு கிலோ. மோதினால் மோதல் கனமாகவே இருக்கும்.

மின்வண்டிக்கே உரிய ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். வேகத்தின் விலையை அது கண்முன் காட்டுகின்றது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்படி ஏறுவதால், 110இல் சென்றால் எஞ்சியுள்ள தூரம் கண் முன்னே கரைகிறது. 70இல் சென்றால் நிற்கிறது. காலை எடுத்தால் சக்கரத்தின் ஓட்டம் மீண்டும் மின்சாரமாகிக் கலத்துக்குத் திரும்புகிறது. பெட்ரோல் வண்டி பங்கில் நிற்கும்போது மட்டும் கணக்குக் கேட்கும். இது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கேட்கிறது. பிரதிக்கிரமணம் செய்வோருக்கு இது பொருந்தும் என்று நம் மகன் நகைத்தான்.

இன்னொன்றை எவரும் கேட்கவில்லை. நாமும் நெடுநாள் நினைக்கவில்லை. பழைய வண்டி என்னவாயிற்று? அது மறையவில்லை. ஈரோட்டுப் பக்கத்து இளைஞர் ஒருவர் நல்ல விலைக்கு வாங்கிச் சென்றார். அப்பணம்தான் மின்காரின் விலையில் ஒரு பகுதி. சில மாதங்கள் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்து, பெருந்துறைச் சாலையில் விடியற்காலை 180 தொட்டதாகவும், வண்டியை நாம் அருமையாக வைத்திருந்ததாகவும் மகிழ்ச்சியோடு கூறினார். நாம் “நல்லதுங்க” என்றோம்.

சமந்தபத்திராசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்டம் ஐந்தென வகுக்கின்றார். அந்நூலைத் தழுவியே நம் அருங்கலச்செப்பு தமிழில் எழுந்தது. அவ்வைந்தனுள் ஒன்று இம்சாதானம்: கோடரி, வாள், மண்வெட்டி, தீ, சங்கிலி போன்ற ஊறு செய்யும் கருவிகளைப் பிறர்க்குக் கொடுத்தல். மற்றொன்று பிரமாத சரியை: பயனின்றி மண்ணைத் தோண்டல், நீரையும் தீயையும் காற்றையும் அலைத்தல், மரஞ்செடிகளை வெட்டல், பயனின்றித் திரிதல், பிறரைத் திரியச் செய்தல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், மோட்டார் வண்டியைக் கனவிலும் காணாத ஒரு முனிவர், நம் வண்டியின் உடைமைப் பத்திரத்தையே எழுதி வைத்தாற்போல் இருக்கின்றது. தான் செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள். நாம் செய்வதை விட்டோம். செய்விப்பதற்கு விலை பெற்றோம். “நல்லதுங்க” என்று உடன்படவும் செய்தோம்.

அப்படியாயின் வண்டியை உடைத்து இரும்புக்குப் போட்டிருக்க வேண்டுமா? நம் மைத்துனர் அப்படியே வாதிட்டார். நன்கு ஓடும் வண்டியை அழித்தால் அவ்விளைஞர் புதியதொன்று வாங்குவார்; அதற்கும் ஒரு மலை தோண்டப்படும். விற்றது தவறென்று நாம் முடிவு கட்டவில்லை. ஆனால் விற்றுவிட்டதால் கை கழுவியாயிற்று என்பதை ஒப்ப முடியவில்லை. அந்த இளைஞரை நாமே அழைத்து, புதுச்சத்திரத்தில் நடந்ததைச் சொன்னோம். விற்கும் நாளில் சொல்லியிருக்க வேண்டும்; விலை குறையுமோ என்று அன்று சொல்லவில்லை. அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், “பார்த்துப் போறேனுங்க” என்றார். பார்த்துப் போகின்றாரா என்பது நமக்குத் தெரிய வழியில்லை.

மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதத்துக்குச் சமந்தபத்திரர் கூறும் ஐந்து அதிசாரங்களுள் முதலில் நிற்பது அதிவாகனம். மாடு முதலியவற்றை, அவை எளிதிற் செல்லத்தக்க தொலைவைக் கடந்து பேராசையால் ஓட்டுதல் என்று உரை காண்பர். பொருளாசையைப் பற்றிய விரதத்தில் வாகனத்தை முதலில் வைத்தமை நம்மைச் சிந்திக்கச் செய்தது. மாட்டுக்குக் களைப்புண்டு, அது நின்றுவிடும். எஞ்சினுக்கும் மோட்டாருக்கும் அது இல்லை. எல்லையை வண்டி இடாதபோது ஓட்டுபவனே இட வேண்டியுள்ளது.

அதற்கும் வழி கூறியுள்ளனர். கடல், ஆறு, காடு, மலை, நாடு, யோசனை ஆகியவற்றை எல்லையாகக் கொண்டு இதற்கு அப்பால் செல்லேன் என்று வாழ்நாள் முழுமைக்கும் நோற்பது திக்விரதம். அதனுள் இன்னும் சுருக்கி, ஆண்டு, நான்கு திங்கள், திங்கள், பக்கம் எனக் காலவரையறையோடு நோற்பது தேசாவகாசிகம். மழைக்காலத்தில் உயிர்கள் மிகுதியும் தோன்றுவதால் முனிவர் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குகின்றனர் என்பதை ஆண்டுதோறும் கேட்கின்றோம். அந்நான்கு திங்களில் நாம் ஒரு கிலோமீட்டரும் குறைத்ததில்லை.

2024ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், தீபாவளி வரை என்று காலம் வகுத்துக் குறிப்பேட்டில் எழுதினோம். வடக்கே தொப்பூர்க் கணவாய். கிழக்கே ஆத்தூர். தெற்கே மோகனூரில் காவிரிக் கரை. மேற்கே விஜயமங்கலம், அங்குள்ள பழைய சந்திரப்பிரப தீர்த்தங்கரர் ஆலயத்துக்குச் செல்ல வேண்டியே அந்த எல்லை. இதற்கு அப்பால் செல்ல நேர்ந்தால் பேருந்து அல்லது இரயில். வேகம் 70க்கு மிகாமல். பொழுது சாய்ந்தபின் நோய், இறப்பு தவிர வேறெதற்கும் வண்டி எடுப்பதில்லை. படித்துக் காட்டியபோது அன்னையார், “செய்யாற்றுக்குப் பஸ்ஸில் என்னை எப்படி அழைத்துப் போவாய்?” என்று கேட்டார். அங்கே அவருடைய தங்கை இருக்கின்றார். நாம் விடை கூற இயலாமல் விழித்தோம். “தீபாவளிக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம், எழுது” என்றார்.

இதனை எல்லோரும் செய்ய வேண்டுமென்று கூறும் தகுதி நமக்கில்லை. லாரி ஓட்டிப் பிழைக்கும் நாமக்கல்காரரிடம் பொழுதோடு வண்டியை நிறுத்து என்று சொல்ல முடியாது. அவர் ஓட்டுவது நமக்கும் சேர்த்துத்தான். 70இல் செல்லும் நம்மைப் பின்னாலிருந்து ஒலிப்பான் அடித்து விரட்டுவோர் தினமும் உண்டு. முதல் மாதம் அது நம் மானத்தைச் சுட்டது. மானமும் நான்கு கஷாயங்களுள் ஒன்று என்பது நினைவுக்கு வரச் சற்று நாளாயிற்று. பொழுது சாய்ந்தபின் ஓட்டுவதில்லை என்பதை அந்த நான்கு திங்களில் இருமுறை மீறினோம். முதல் முறை சோம்பலால்.

இரண்டாம் முறை, புரட்டாசியில். நாமக்கல்லில் ஒரு பாடி கட்டும் பட்டறையில் அளவு பிழைபட்டுப் போக, திருத்திக் கொடுத்துப் புறப்படும்போதே பொழுது இறங்கிவிட்டது. பிற்பகலில் நல்ல மழை பெய்திருந்தது. ஆண்டகளூர் கேட் நெருங்கும்போது முகப்பு வெளிச்சத்தில் ஈசல் எழுந்தது. மூவறிவோ நாலறிவோ, ஆயிரம் ஆயிரமாக. பழைய வண்டியாக இருந்தால் துடைப்பானைப் போட்டுவிட்டுச் சென்றிருப்போம். அவ்வாறு பலமுறை சென்றிருக்கின்றோம். சாலையை விட்டு இறங்கி, ஒரு தேநீர்க் கடை அருகே விளக்கை அணைத்து நிறுத்தினோம். கடைப் பையன் ஒரு குண்டானில் நீர் ஊற்றி, அதன் மேல் விளக்கைத் தொங்கவிட்டு ஈசல் பிடித்துக் கொண்டிருந்தான். வறுத்துத் தின்பதற்கு. நாம் நின்றதனால் எத்தனை பிழைத்தன என்று கணக்குப் பார்க்கும் ஆசை அந்தக் குண்டானைக் கண்டதும் போயிற்று. நெடுஞ்சாலையில் லாரிகள் இடைவிடாது சென்றுகொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் இருந்தோம். ஈசல் அடங்கிய பின் நாற்பதில் ஓட்டி வீடு சேரும்போது எட்டரை மணி ஆகிவிட்டது.

அன்னையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். உண்ணும் நேரம் கடந்துவிட்டதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து, வண்டியின் முகப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையால் தடவிப் பார்த்தார். பின்பு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே சென்று படுத்துக்கொண்டார்.